அறிஞர் சித்திலெப்பையும் என் இலட்சியமும்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அன்றிரவு நித்திரை வரவில்லை. உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்ற கேள்விக்கு வாப்பா, மாமா, அடுத்த வீட்டு மாமி எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: உயிரியல். அலுமாரியிலிருந்து என் பழைய கொப்பிகளை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வோர் ஆண்டும் என் இலட்சியம் என்ற தலைப்பில் நான் எழுதிய கட்டுரைகள் அவற்றில் இருந்தன. ஓர் ஆண்டு வைத்தியர், மறு ஆண்டு பொறியியலாளர், அதற்கடுத்த ஆண்டு விமானி. எந்தக் கட்டுரையிலும் ஏன் என்ற கேள்விக்கு உண்மையான பதில் இல்லை. எல்லாம் யாரிடமோ இரவல் வாங்கிய ஆசைகள்.

அந்த நாட்களில்தான் ஒரு பேச்சுப் போட்டிக்காக அறிஞர் சித்திலெப்பையைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அதுவரை அவர் எனக்கு ஒரு வரி விடை மட்டுமே. இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் யார் என்று வினாத்தாளில் கேட்டால் அவருடைய பெயரை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன். இம்முறை என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. மகனும் அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றோடு சட்டத்தையும் கற்று, 1860களில் கண்டியில் சட்டத்தரணியானார். சிறிது காலம் மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் கடமையாற்றினார். அன்றைய முஸ்லிம் சமூகத்தில் இத்தகைய பதவியை எட்டியவர்கள் மிகச் சிலரே. வருமானம், மதிப்பு, தந்தையின் பெயர் எல்லாம் அவருக்கு இருந்தன. அதற்கு மேல் ஓர் இலக்கு அவருக்குத் தேவைப்பட்டிருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் ஒரு கவலை அவரை விடவில்லை. நவீன கல்வியில் தம் சமூகம் பின்தங்கிக் கிடந்தது. பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்றார்கள். பின்னர் ஆண் பிள்ளைகள் கடைக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கைகளில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். சித்திலெப்பை அந்த அச்சத்தை ஏளனம் செய்யவில்லை. மார்க்கத்தையும் நவீன பாடங்களையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் பாடசாலை இருந்தால் அந்த அச்சத்துக்கு இடமிராது என்று கண்டார். அவருடைய வாழ்க்கை இலக்கு அங்கேதான் பிறந்தது. சட்டத் தொழிலை விட்டு அதன் பின்னால் நடந்தார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். நான் என்னிடம் கேட்டு வந்த கேள்வி, நான் என்னவாகப் போகிறேன் என்பது. அவர் தம்மிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, எது என் மனத்தை உறங்க விடாமல் அரிக்கிறது என்பது. முதற் கேள்விக்கு ஊரிலுள்ள எல்லோரும் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் ஒரே நாளில் பாடசாலை கட்டப் புறப்படவில்லை. முதலில் பெற்றோரின் மனம் மாற வேண்டும். அதற்காக 1882ஆம் ஆண்டு டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, கல்வியின் அவசியத்தை வீடுகள்தோறும் கொண்டு சென்றார். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தின் தலைவர் ஒறாபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். சித்திலெப்பை அவருடைய நட்பைத் தேடிக்கொண்டார். அவருடைய செல்வாக்கும் கல்விப் பணிக்குக் கிடைத்தது. 1885இல் அசன்பே சரித்திரம் முஸ்லிம் நேசன் அச்சகத்திலிருந்து நாவலாக வெளிவந்தது. பத்திரிகை, நட்பு, நாவல் என்று தனித்தனியாகத் தோன்றும் இவை எல்லாவற்றிலும் அவருடைய கவலை ஒன்றாகவே இருந்தது.

1884ஆம் ஆண்டு கொழும்பு புதிய சோனகத் தெருவில் முதற் பாடசாலை தொடங்கியது. அது அவர் எதிர்பார்த்தபடி வளரவில்லை. போதிய ஆதரவு கிடைக்கவில்லை. தொழிலையும் விட்டாயிற்று, பாடசாலையும் செழிக்கவில்லை என்ற நிலையில் நானாக இருந்தால் திரும்பவும் நீதிமன்றத்துக்கே போயிருப்பேன். அவர் போகவில்லை. எட்டு ஆண்டுகளின் பின், 1892இல், வாப்பிச்சி மரைக்கார், ஒறாபி பாஷா ஆகியோருடைய துணையோடு மருதானையில் இன்னொரு பாடசாலை எழுந்தது. அதுவே இன்று நாம் அறிந்த ஸாஹிராக் கல்லூரி. அவர் வழியை மாற்றினாரே தவிர, போகும் இடத்தை மாற்றவில்லை. பிறரை மகிழ்விக்கவென்று வைத்துக்கொண்ட இலக்காக இருந்திருந்தால் முதற் தோல்வியிலேயே அது உதிர்ந்திருக்கும்.

இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று அவர் அன்றே எண்ணினார். கண்டியில் அவர்களுக்கென ஒரு பாடசாலையும் திறந்தார். ஆண் பிள்ளைகளையே அனுப்பத் தயங்கிய பெற்றோர் மகள்மாரை அனுப்புவார்களா? கற்பிக்கப் பெண்கள் எங்கே? அவர் அதற்கான விடையைத் தம் வீட்டுக்குள்ளேயே தேடினார். அவருடைய சகோதரி முத்து நாச்சியா அந்தப் பாடசாலையில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். ஊருக்குச் சொன்னதை முதலில் தம் குடும்பத்திலேயே செய்து காட்டினார். இந்தக் கல்லூரியின் வகுப்பறையில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கு, அந்தச் சிறிய பாடசாலை தூரத்து உறவுக்காரரின் வீடு போலத் தோன்றுகிறது.

அவர் 1898 பெப்ரவரியில் இறையடி சேர்ந்தார். அப்போது ஸாஹிராவுக்கு ஆறு வயது கூட நிரம்பவில்லை. 1921இல் ரீ.பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றபின் அது கண்ட வளர்ச்சியை அவர் பார்க்கவில்லை. தாம் நட்ட மரத்தின் நிழலில் அவர் அதிக காலம் இருக்கவில்லை. அந்த நிழலில் நாம் இருக்கிறோம்.

போட்டியில் எனக்கு மூன்றாம் இடந்தான் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு வெற்றுத் தாளில், என்னை அரிக்கும் விடயம் எது என்று எழுதத் தொடங்கினேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்போது உம்மும்மா தன் கிளினிக் கொப்பியோடு என் அறைக்கு வந்தார். அடுத்த திகதி எப்போது, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நான்தான் அவருக்கு வாசித்துச் சொல்வேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை நான் வீட்டில் இல்லாதபோது இரவு மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு நாள் முழுவதும் மயக்கத்தில் கிடந்தார். அன்று அழுததை நான் இன்னும் மறக்கவில்லை. தாளில் என் கை தானாகவே எழுதியது: உம்மும்மா போன்ற பெண்களுக்கு வாசிக்கக் கற்பிக்க வேண்டும்.

மறுநாள் அதை வாப்பாவிடம் காட்டினேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. ஆசிரியத் தொழிலின் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். அவருடைய கவலையும் நியாயமானதே. உம்மா எதுவும் பேசாமல் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். இரண்டு வாரங்கள் பேச்சு நடந்தது. இறுதியில் நான் கலைப்பிரிவில் சேர்ந்தேன். முதற் படியாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பின் உம்மும்மாவுக்கும் அவருடைய இரண்டு தோழிகளுக்கும் அரைமணி நேரம் எழுத்துக் கற்பிக்கிறேன். உம்மும்மா இப்போது தன் பெயரை எழுதுவார். கிளினிக் கொப்பியிலுள்ள திகதியையும் தானே வாசித்துவிடுவார்.

தோழிகளே, வைத்தியராவதும் பொறியியலாளராவதும் உயர்ந்த இலட்சியங்களே. உங்களை அரிக்கும் கவலை உங்களை அங்கே அழைத்துச் சென்றால் தயங்காமல் போங்கள். பெற்றோர்களே, உங்கள் மகளிடம் நீ என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கும் முன், உன் மனத்தை வருத்துவது எது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டாலும் பொறுத்திருங்கள். எனக்கும் நெடுநேரம் பிடித்தது.