‘ஓம்’ யார்? பூட்டு செய்பவரின் மகன் மின்சாரத்தைக் கணக்கிட்ட கதை

‘ஓம்’ என்றதும் உங்களுக்கு மந்திரம் நினைவுக்கு வரலாம். இயற்பியல் வகுப்பில் வரும் ஓம் வேறு. அது ஒரு மனிதரின் பெயர். மின்தடையை அளக்கும் அலகுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். யார் அவர்?

பூட்டுப் பட்டறையும் கணக்கும்

கியோர்க் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. பெரிய படிப்பு இல்லை. ஆனாலும் தாமாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஓமுக்குச் சுமார் 10 வயதானபோது அம்மா இறந்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் படித்ததைவிட நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று சுற்றியதுதான் அதிகம்! அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 1806இல் ஓம் சுவிட்சர்லந்துக்கு ஆசிரியர் வேலைக்குப் போனார். பிறகு ஊர் திரும்பி, 1811இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆட்டம் காட்டிய மின்கலன்

1817இல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார். அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது. அவர் மனத்தில் இருந்த கேள்வி சாதாரணமானதுதான். கம்பி நீளமானால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்?

1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் சரியாக அமையவில்லை. காரணம் என்னன்னா, அந்தக் காலத்து மின்கலனின் வலு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மின்கலனே நிலையாக இல்லாவிட்டால், மாற்றம் கம்பியால் வந்ததா, மின்கலனால் வந்ததா என்று எப்படிச் சொல்வது?

வெப்பத்தால் மின்சாரம் தரும் கருவியைப் பயன்படுத்திப் பார்க்குமாறு, போகன்டார்ஃப் என்ற இயற்பியலாளர் யோசனை சொன்னார். பிஸ்மத், செம்பு ஆகிய 2 உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால், மின்னழுத்தம் அசையாமல் நிற்கும்.

1826இல் வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார் ஓம். தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்து மின்னோட்டத்தை அளந்தார். இந்த முறை விடை தெளிவாக வந்தது.

அவர் கண்டது என்ன?

மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும். மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும். அவ்வளவுதான்!

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை.

இப்போ வீட்டில் இருக்கும் கெட்டிலை எடுத்துக்கொள்ளுங்க. மின்னழுத்தம் 230 வோல்ட். கெட்டில் இழுக்கும் மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

மின்தடை: 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஓம்.

மின்திறன்: 230ஐ 10ஆல் பெருக்கினால் 2,300 வாட்.

மின்திறன் கணக்கு ஓம் சொன்னதல்ல. மின்சாரம் உண்டாக்கும் வெப்பத்தை 1840களின் தொடக்கத்தில் அளந்தவர் இங்கிலாந்தின் ஜூல். ஆனால் இரண்டு கணக்குகளும் சேர்ந்தேதான் வரும்.

இன்னொன்று. ஓம் விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. உலோகக் கம்பிக்கு, வெப்பநிலை மாறாதவரை பொருந்தும். எல்இடி விளக்குக்குப் பொருந்தாது.

பாராட்டு வர 14 ஆண்டு

1827இல் தமது கண்டுபிடிப்பைப் புத்தகமாக வெளியிட்டார் ஓம். பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. இயற்பியலைக் கணிதத்தால் விளக்குவதை அப்போது ஜெர்மனியில் பலர் விரும்பவில்லை. மனமுடைந்து கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். 1833இல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் நிலையான வேலை கிடைத்தது.

1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் வழங்கியது. சொந்த நாட்டைவிட வெளிநாடு முந்திக்கொண்டது. அவர் ஆசைப்பட்ட மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் வந்தபோது அவருக்கு வயது 63. 2 ஆண்டில், 1854 ஜூலை 6ஆம் தேதி காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மாநாடு ‘ஓம்’ என்ற பெயரை மின்தடையின் அலகாக ஏற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

உங்களுக்கு இது எதற்கு?

மூன்று கால் பிளக்கில் உள்ள ஃபியூஸ் அதிகபட்சம் 13 ஆம்பியருக்கானது. 230ஐ 13ஆல் பெருக்கினால் 2,990 வாட். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் 2,300 வாட் கெட்டிலையும் 1,150 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகினால் 3,450 வாட். அதாவது 15 ஆம்பியர். வயர் சூடாகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

சாதனத்தின் அடியில் வாட் எவ்வளவு என்று எழுதியிருக்கும். செருகும் முன் கூட்டிப் பாருங்க. ஒரு நிமிடம்கூட ஆகாது.