கலங்களின் பசியை அறிந்தவர்

உயர்தர உயிரியலில் ஏ.ரி.பி மூலக்கூறைப் படிக்காமல் எவரும் பரீட்சைக்குப் போக முடியாது. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நமது அயல்நாட்டவர் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த அவர், உணவுச்சத்தை உடலில் சேரவிடாத ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்தார். சென்னையில் மருத்துவம் கற்று அமெரிக்கா சென்றார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க்குடன் இணைந்து 1925 இல் பொசுபரசை அளவிடும் முறையை உருவாக்கினார். 1929 இல் தசையில் ஏ.ரி.பியைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைக் கண்டறிந்தார்.

1945 இல் லெடர்லி ஆய்வுகூடத்தில் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூ நோயாளருக்கும் அது மருந்தாயிற்று. சகோதரர்களுக்குக் கிட்டாதது ஊரார் பிள்ளைகளுக்குக் கிட்டியது. 1948 இல், 53 வயதில், நோபல் பரிசு எதுவும் பெறாமலே காலமானார்.

கலம் உணவை எரிப்பதோடு நிற்பதில்லை, உணவின் அளவையும் உணர்கிறது என்று பின்வந்தோர் கண்டனர். நாம் நோன்பிருக்கும்போது ஈரற்கலங்களில் குளுக்கோசை ஆக்கும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகள் தூண்டப்படுகின்றன. நோன்பு திறந்து சோறு உண்டதும் அவை அடங்கி, கொழுப்பை ஆக்கும் நொதியங்களுக்கானவை எழுகின்றன. கலத்தில் ஏ.ரி.பி குறைந்தால் இவையும் தணிகின்றன.

எங்கள் கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் வாங்கும் ஃபோலிக் அமிலக் குளிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. அவருடைய உழைப்பு இருக்கிறது.