‘வெள்ளி நாக்கு’ சாஸ்திரியார்: பேச்சால் வென்றதும் வெல்ல இயலாததும்

பெங்களூரு: ஆங்கிலச் சொற்பொழிவால் பிரிட்டிஷ் பேரரசின் தலைவர்களையே வியக்கவைத்து, ‘வெள்ளி நாக்கு’ படைத்தவர் எனப் புகழப்பட்ட தமிழர் மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. உடல்நலம் குன்றியிருந்த 1920களில் அவர் பெங்களூருவின் பசவனகுடியில் சில காலம் வசித்தார்.

கும்பகோணம் அருகே வலங்கைமானில், 1869 செப்டம்பர் 22 அன்று ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பொறுப்பை விட்டு, 1907இல் கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார்.

1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து மத்திய சட்டமன்றத்தில் சாஸ்திரி ஆற்றிய உரையைக் காந்தியடிகள் நேரில் கேட்டார். வைஸ்ராயே மெய்ம்மறந்து கேட்டதாகத் தமது சுயசரிதையில் அவர் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் மசோதா சட்டமானது.

1921இல் லண்டன் பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் வாழும் இந்தியருக்குச் சம உரிமை கோரினார். அடுத்த ஆண்டு அதே கோரிக்கையுடன் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். 1925இல் ஆஸ்திரேலியா அங்கு வாழ்ந்த இந்தியருக்கு வாக்குரிமை வழங்கியது. கென்யாவிலோ, 1923இல் வெளியான பிரிட்டிஷ் அரசின் வெள்ளை அறிக்கை மேட்டு நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. பேரரசின் நீதியுணர்வை நம்பியிருந்த சாஸ்திரிக்கு அது பேரிடியாக அமைந்தது.

உள்நாட்டிலும் அவர் விமர்சனத்துக்கு ஆளானார். மிதவாதியான அவர் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்கவில்லை. எனினும் காந்தியடிகளுடனான நட்பு இறுதிவரை நீடித்தது.

1927இல் தென்னாப்பிரிக்காவுக்கான இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். அங்கு அவர் ஊர் ஊராகப் பேசியதன் பயனாக, இந்திய மாணவர்களுக்கான உயர்நிலைக் கல்விக்கு டர்பன் வாழ் இந்தியர்கள் நிதி திரட்டினர். 1929இல் திறக்கப்பட்ட அந்தக் கல்விக்கூடம் ‘சாஸ்திரி கல்லூரி’ எனப் பெயர் பெற்றது.

பின்னர் 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். அவர் எழுதிய கோகலே வரலாறு 1937இல் பெங்களூருவில் நூலாக வெளிவந்தது. 1944இல், 75 வயதை நெருங்கிய நிலையில், சென்னை மயிலாப்பூரில் ராமாயணம் குறித்து 30 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்.

இந்தியா விடுதலை பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1946 ஏப்ரல் 17 அன்று அவர் காலமானார்.