இன்ஜினியரிங் படிக்க நினைத்த டீச்சர்

மாண்டிசோரிங்கிறது ஒரு மனுஷியோட பேருன்னு நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. மெட்ரிக், சிபிஎஸ்இ மாதிரி அதுவும் ஏதோ ஒரு ஸ்கூல் வகைன்னு நினைச்சிருப்போம். தெருமுனையில ஒரு மாண்டிசோரி போர்டு, ரெண்டு தெரு தள்ளி இன்னொண்ணு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான மரியா மாண்டிசோரி, இன்ஜினியர் ஆகணும்னு 13 வயசுல டெக்னிக்கல் ஸ்கூல்ல சேர்ந்தவர். நம்ம சென்னை அடையாறுல இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். வகுப்பறைக்குள்ள ஒரு கருவியைக் கொண்டு வந்தா, அதைப் பயன்படுத்தப்போற ஆசிரியரை யார் தயார் பண்றது, அவருக்கு யார் சான்றிதழ் கொடுக்கறது? இந்தக் கேள்வியோடதான் அவர் வாழ்க்கையில பெரும்பகுதி போச்சு. இன்னைக்கு எட்-டெக் படிக்கிற ஆசிரியர்களுக்குன்னே எம்.எட்., சான்றிதழ் கோர்ஸ் எல்லாம் வந்திருக்கு. அந்தச் சண்டையை அவர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே போட்டுட்டார்.

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவாலே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி, அம்மா நிறையப் படிக்கிறவர். 1875-ல் குடும்பம் ரோமுக்கு வந்தது. அந்தக் காலத்தில் மேலே படிக்கிற பெண்கள் பெரும்பாலும் டீச்சர் ட்ரெய்னிங்குக்குத்தான் போவார்கள். மரியாவுக்கு அது வேண்டாம். கணக்கும் அறிவியலும் பிடித்திருந்தது, அதனால் 1883-ல் டெக்னிக்கல் ஸ்கூல், பிறகு டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட். டீச்சர் மட்டும் ஆக மாட்டேன்னு இருந்த பொண்ணு கடைசியில உலகத்துக்கே டீச்சர்களை உருவாக்கப் போனதுதான் வேடிக்கை.

20 வயதில் மனசு மாறி மருத்துவம் என்று முடிவு செய்தார். நேரடியாகச் சேர முடியவில்லை. முதலில் இயற்கை அறிவியல் படித்து முடித்துவிட்டு 1893-ல் மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு பார்ப்பது அசிங்கம் என்று நினைத்த காலம். எல்லாரும் போன பிறகு, தனியாக, பிணங்களுக்கு நடுவே அவர் அந்த லேபை முடிக்க வேண்டியிருந்தது. நமக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மேல லேப் வெச்சாலே கோபம் வருது. 1896-ல் டாக்டர் ஆனார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கும். அது சரியில்லை, முதல் சிலரில் ஒருவர், அவ்வளவுதான்.

அடுத்து ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று சொல்லிக் குழந்தைகளையும் பெரியவர்களோடு மனநல விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்க, கையில் எடுத்து விளையாட அங்கே ஒரு பொருளும் கிடையாது. இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்று மரியாவுக்குத் தோன்றியது. ஏற்கெனவே இப்படிப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்திருந்த பிரெஞ்சு மருத்துவர்கள் இடார், செகென் இருவரின் எழுத்துகளைத் தேடிப் படித்தார். படித்ததோடு விடவில்லை, முதலிலிருந்து கடைசி வரை இத்தாலிய மொழியில் தன் கையால் எழுதி எடுத்தார். ரெக்கார்ட் நோட்டுக்கே அழற நம்மால அதைக் கற்பனைகூட பண்ண முடியாது.

1900-ல் ரோமில் ஆர்த்தோஃப்ரெனிக் பள்ளி தொடங்கியபோது அதன் இரண்டு இயக்குநர்களில் ஒருவர் மரியா, இன்னொருவர் டாக்டர் ஜுசெப்பே மான்டெசானோ. அது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்பதை நாம் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. முதல் பேட்ச்சில் 64 ஆசிரியர்கள். பாடம் நடத்த ஒரு பக்கம், குழந்தைகளோடு முயற்சி செய்து பார்க்க இன்னொரு பக்கம் ஒரு மாதிரி வகுப்பறை. தியரியும் லேபும் ஒரே கட்டடத்தில். அங்கே பயிற்சி பெற்ற குழந்தைகளில் சிலர், சாதாரணப் பள்ளிக் குழந்தைகளுக்கு வைக்கும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள். ஊரே கைதட்டியது. மரியாவுக்கு மட்டும் வேறு கவலை. இந்தக் குழந்தைகளே இவ்வளவு தூரம் வர முடியும் என்றால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளை நம்ம பள்ளிகள் எந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கின்றன?

இந்த இடத்தில் ஒரு சோகம். மான்டெசானோவுக்கும் மரியாவுக்கும் 1898-ல் ஒரு மகன் பிறந்தான், பெயர் மாரியோ. கல்யாணம் ஆகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அவர் தொழிலே முடிந்துவிடும். குழந்தையை ஒரு கிராமத்துக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். பிறகு மான்டெசானோ வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள, மரியா 1901-ல் அந்தப் பள்ளியைவிட்டே விலகினார். ஊர்க் குழந்தைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர் சொந்தக் குழந்தையைப் பல வருஷம் தூரத்தில் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. மாரியோ பதின்ம வயதில்தான் அம்மாவிடம் வந்து சேர்ந்தான், அதுவும் ஊருக்கு அண்ணன் மகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோ சொல்லிக்கொண்டு.

விலகியவர் என்ன செய்தார்? திரும்ப யுனிவர்சிட்டிக்குப் போனார். 30 வயதுக்கு மேல், கையில் டாக்டர் பட்டம் இருக்க, தத்துவம், கல்வியியல், மானுடவியல் என்று புதிதாகப் படித்தார். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒருத்தர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதற்கு அவர் முதலில் தனக்கே அளவு வைத்துக்கொண்டார்.

1907 ஜனவரி 6. ரோமில் சான் லோரென்ஸோ என்ற ஏழைப் பகுதி. ஒரு கட்டட நிறுவனம் பழைய குடியிருப்பைப் புதுப்பித்திருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் வாண்டுகள் சுவரெல்லாம் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நிறுவனம் ஒரு அறையை ஒதுக்கி, பார்த்துக்கொள்ள மரியாவைக் கேட்டது. உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்வி முறை தொடங்கினது சுவர்ல கிறுக்கறதைத் தடுக்கத்தான். 50 குழந்தைகளுக்கு மேல், பெரிய பயிற்சி எதுவும் இல்லாத ஒரு பெண் ஆசிரியை, அலமாரியில் செகெனைப் பார்த்து மரியா செய்து வைத்திருந்த மரக் கருவிகள்.

அந்தக் கருவிகளைப் பற்றி நம்மால சும்மா கடந்து போக முடியாது, ஏன்னா அது சுத்தமான இன்ஜினியரிங். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒவ்வொரு உருளையும் ஒரே ஒரு குழியில்தான் சரியாக உட்காரும். ஒன்றைத் தப்பாகப் போட்டால் கடைசியில் ஒரு உருளை இடமில்லாமல் கையில் மிஞ்சும். தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். கம்பைலர் எரர் காட்டுற மாதிரிதான், ஆனா திட்டாம காட்டுது. இளஞ்சிவப்பு கோபுரத்தில் 10 கனசதுரங்கள், 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை. பெரிய குழந்தைகளுக்கு ஒரு பெட்டி, அதைப் பிரித்தால் 27 துண்டுகள்: ஏ, பி, சி மூன்றையும் கூட்டி முப்படி எடுத்தால் வரும் விரிவாக்கம் முழுக்கக் கையில். ஒன்பதாவதுல நான் மனப்பாடம் பண்ண அந்த ஃபார்முலா ஒரு பெட்டியா இருக்க முடியும்னு இந்தக் கட்டுரைக்குப் படிக்கும்போதுதான் தெரிஞ்சுது. கொஞ்சம் கடுப்பாவே இருந்தது.

ஒரு சிறுமி அந்த உருளைகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி மற்ற குழந்தைகளைப் பாட வைத்தும், அவளை நாற்காலியோடு தூக்கி வேறிடத்தில் வைத்தும் அவள் நிறுத்தவில்லை. 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்தாள். இன்னொரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட, குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்து மரியா பூட்டை எடுத்துவிட்டு, குழந்தைகள் உயரத்துக்குத் திறந்த அலமாரி வைத்தார். டீச்சரின் வேலை பேசுவதைவிடக் கவனிப்பதில்தான் அதிகம் என்று முடிவுக்கு வந்தார். இங்கேதான் சிக்கல். உருளைக்கட்டையை எந்த ஆசாரியும் செய்து தருவார். எப்போது கொடுக்கணும், எப்போது தள்ளி நிற்கணும் என்று தெரிந்த ஆசிரியரை எங்கே போய்ச் செய்வது?

அதற்காக 1909-ல் சித்தா தி காஸ்தெல்லோ என்ற ஊரில் முதல் பயிற்சி வகுப்பு, சுமார் 100 ஆசிரியர்கள். அதே வருஷம் தன் முறையைப் பற்றிய புத்தகம். 1912-ல் ஆங்கிலத்தில் வந்ததும் அமெரிக்காவில் சூடாக விற்றது. 1913-ல் ரோமில் சர்வதேசப் பயிற்சி வகுப்பு, வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்கா போய் கார்னகி ஹாலில் பேசினார். அலெக்சாண்டர் கிரகாம் பெல் குடும்பம் ஆதரவுக்கு நின்றது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பறை. வெளியே நின்று கூட்டம் வேடிக்கை பார்க்க, உள்ளே குழந்தைகள் தலையே நிமிராமல் வேலை.

பிறகு சில வருஷங்களிலேயே அமெரிக்காவில் அந்த அலை அடங்கிவிட்டது. காரணம் இரண்டு பக்கமும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் அந்த நாட்டில் ஆசிரியர்கள் மேல்படிப்புக்குப் போகும் முக்கியமான இடம். அங்கே இருந்த கில்பேட்ரிக் 1914-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி மாண்டிசோரி முறையை அலசினார்: அதன் உளவியல் பழசு, கருவிகள் கற்பனைக்கு இடம் தரவில்லை, குழந்தைகள் ஒன்றுகூடி வேலை செய்வது குறைவு. ஆசிரியர்களுக்கு எம்.ஏ. பாடம் நடத்துகிறவர் சொன்னால் அது ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கும் போய்ச் சேரும்தானே. மறுபக்கம் மரியா. கருவிகளுக்கு பேடண்ட் வாங்கியிருந்தார். தன் டிப்ளமோ வாங்கியவர் பள்ளி நடத்தலாம், இன்னொரு ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது, அதைத் தான் மட்டுமே செய்ய வேண்டும் என்று கறாராக இருந்தார்.

இதில் அவர் பக்கம் எனக்குப் பாதி நியாயம் தெரிகிறது. கருவியை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மாண்டிசோரி என்று போர்டு மாட்டியவர்கள் அப்போதே இருந்தார்கள். நான் படிச்ச ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு வந்தப்போ டீச்சர்களுக்குக் கிடைச்ச பயிற்சி ஒரே ஒரு மதியம். மறுவாரத்துலேர்ந்து அது கொஞ்சம் காஸ்ட்லியான வெள்ளைச் சுவர். ஆனால் உலகத்துக்கே ஒரே ஒருவர் பயிற்சி கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. கேட்கிற பள்ளிகள் ஆயிரம், சர்வர் ஒண்ணு. க்யூ நீளமா போச்சு, ஆளுங்க போயிட்டாங்க.

அவர் வாழ்க்கையில் எனக்கு நெருடும் பகுதி அடுத்து வருகிறது. 1924-ல் முசோலினியைச் சந்தித்தார். அரசு ஆதரவோடு இத்தாலியில் மாண்டிசோரி பள்ளிகள் வந்தன, ஆசிரியர்களுக்கு அரசே பயிற்சிப் பள்ளியும் திறந்தது. தன் சான்றிதழுக்கு ஒரு நாட்டின் முத்திரை கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். சுதந்திரமாக யோசிக்கிற குழந்தையை வளர்ப்பவருக்கும் சர்வாதிகாரிக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? பத்து வருஷம் ஓடியதே அதிகம். 1934-ல் இத்தாலியைவிட்டு வெளியேறினார், பள்ளிகள் மூடப்பட்டன. இதற்கிடையே 1929-ல் தன் பயிற்சித் தரத்தைக் காக்க ஏஎம்ஐ என்ற சர்வதேசச் சங்கத்தை மகனோடு சேர்ந்து தொடங்கியிருந்தார். பார்சிலோனாவில் இருந்தவரை 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் துரத்த, நெதர்லாந்துக்குப் போனார்.

1939-ல் பிரம்மஞான சபையின் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதி அழைப்பில் மெட்ராஸ் வந்தார். வயசு 69. அடையாறில் ஓலைக் கொட்டகையில் வகுப்பு, சுமார் 300 பேர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு கோர்ஸ் முடித்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்கு அனுப்பினார்கள். மரியா அடையாறு வளாகத்தைவிட்டுப் போகக் கூடாது. அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு வைஸ்ராய் ஒரு பரிசு அனுப்பினார்: மாரியோ விடுதலை. அந்தச் செய்தியில் மாரியோவை அவர் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்களாம். 42 வருஷம் மறைத்த உறவு ஒரு அரசாங்கத் தந்தியில் வெளியே வந்தது.

பிறகு கோடைக்கானலில் கொஞ்ச காலம், அகமதாபாத், 1944-ல் கொழும்பு என்று பயிற்சி வகுப்புகள். கோடையில் அவரோடு இருந்தது கலவையான வயதுக் குழந்தைகள். 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாடத்திட்டம், பிரபஞ்சத்தின் கதையிலிருந்து தொடங்கி எல்லாப் பாடத்தையும் ஒன்றாகக் கட்டுவது, பெரும்பாலும் அந்த மலையில்தான் உருவானது. 1946-ல் ஐரோப்பா திரும்புவதற்குள் இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் படித்திருந்தார்கள். இந்திய வகுப்புகளின் உரைகளிலிருந்து வந்த புத்தகம் 1949-ல் அடையாறிலேயே அச்சானது. அந்த வருஷத்திலிருந்து தொடர்ந்து 3 முறை அமைதிக்கான நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் நோர்ட்வெய்க் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். யூரோ வரும் முன் இத்தாலியின் 1000 லிரா நோட்டில் அவர் முகம் இருந்தது.

சான்றிதழ் சண்டை மட்டும் ஓயவில்லை. 1960-ல் அமெரிக்காவில் தனிச் சங்கம் பிறந்து, ஆசிரியர்கள் கல்லூரிப் படிப்பும் முடித்திருக்க வேண்டும், அந்த நாட்டுக்கு ஏற்றபடி பயிற்சி மாற வேண்டும் என்றது. ஏஎம்ஐ-க்கு அது பிடிக்கவில்லை. பெயர் யாருக்கு என்று வழக்கு வந்து, 1967-ல் அமெரிக்க வர்த்தகக் குறி அமைப்பு மாண்டிசோரி என்பது பொதுச் சொல், யாருக்கும் தனி உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. இப்போது மேரிலாண்டின் லயோலா மாதிரி பல்கலைக்கழகங்களில் ஏஎம்ஐ டிப்ளமோவையும் எம்.எட். பட்டத்தையும் சேர்த்தே வாங்கலாம். கில்பேட்ரிக்கின் உலகமும் மரியாவின் உலகமும் ஒரே மார்க் ஷீட்டில்.

நம்ம தெரு போர்டுகளுக்கு எந்தத் தடையும் இல்லாததும் அந்தப் பெயர் பொதுவாகிவிட்டதால்தான். அக்கா குழந்தைக்கோ அண்ணன் குழந்தைக்கோ ஸ்கூல் பார்க்கப் போனால் இளஞ்சிவப்பு கோபுரம் இருக்கான்னு பார்க்காதீங்க, அது ஆன்லைன்லயே கிடைக்குது. டீச்சர் எங்க படிச்சாங்க, எத்தனை மாசம், குழந்தைகளைப் பக்கத்துல உட்கார்ந்து கவனிச்ச நேரம் எவ்வளவுன்னு கேளுங்க.