சர்ச்சில் வாயிலிருந்து பிடுங்கப்பட்ட சுருட்டு!

வீக் எண்டுல பழவேற்காடு பக்கம் ஒரு ரவுண்டு போயிருக்கீங்களா? ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக்கடல், நடுவுல மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம். அங்கே படகு நிழல்ல உட்கார்ந்து சுருட்டு பிடிக்கிற பெரியவர் யாராவது கண்ணுல பட்டா, ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆங்கிலத்தில் ‘செரூட்’, போர்ச்சுகீசிய மொழியில் ‘சருட்டோ’ என்கிறார்களே, ரெண்டுமே நம்ம ‘சுருட்டு’தான். சோழமண்டலக் கரையில் வியாபாரம் செய்ய வந்தவர்கள், சரக்கோடு சேர்த்து இந்தச் சொல்லையும் கப்பல் ஏத்திட்டாங்க.

அந்தச் சுருட்டைத் தன் முகத்தோட ஒரு பாகமாவே மாத்திக்கிட்டவர், வின்ஸ்டன் சர்ச்சில்.

1874-ல் பிறந்த சர்ச்சில், 1895-ல் இளம் ராணுவ அதிகாரியா கியூபா போனார். தன் 21-வது பிறந்தநாளை அங்கேதான் கழிச்சார். ஹவானா சுருட்டு மேல ஆசை வந்ததும் அங்கேதான். அடுத்த வருஷமே பெங்களூருக்கு மாற்றல். போலோ, ரோஜாத் தோட்டம், மூட்டை மூட்டையா புத்தகங்கள்னு நாள்கள் ஓடின. கிளம்பும்போது பெங்களூரு கிளப்பில் அவர் வெச்சுட்டுப் போன 13 ரூபாய் பாக்கி, வராக்கடனா இன்னைக்கும் அங்கே பதிவேட்டில் இருக்கு!

அவருக்கு உறையூர்ச் சுருட்டும் போச்சுன்னு திருச்சிப் பக்கம் பெருமையா ஒரு கதை சொல்வாங்க. ஆனா, அவர் வீட்டு அலமாரியில் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தவை பெரும்பாலும் ஹவானாதான்.

நல்ல சுருட்டை எப்படிக் கண்டுபிடிப்பாங்க தெரியுமா? கையால் சுருட்டும் சுருட்டில் மூணு அடுக்கு. உள்ளே அடைக்கிற இலை, அதைப் பிடிச்சு நிறுத்துற இலை, மேலே போர்த்துற வழவழப்பான இலை. விரலால் லேசா அழுத்தினா, எங்கேயும் கட்டியும் இருக்கக் கூடாது, பள்ளமும் இருக்கக் கூடாது. சாம்பல் சட்டுனு உதிராம நிக்கணும். புகையை நெஞ்சுக்குள்ள இழுக்க மாட்டாங்க. வாயிலேயே வெச்சு ருசி பார்த்து விட்டுடுவாங்க.

சர்ச்சில் ஸ்டைலே தனி. முனையை வெட்ட மாட்டார். ஈரப்படுத்தி, நீளமான தீக்குச்சியால் குத்தித் துளை போடுவார். எச்சில் ஊறாம இருக்க, வாய் வைக்கிற இடத்தில் பழுப்புக் காகிதம் ஒன்றைச் சுத்திக்குவார். பத்த வைக்கிறது பெரும்பாலும் மெழுகுவத்தியில். பாதி நேரம் அது அணைஞ்சேதான் கிடக்கும். அதாவது, பிடிச்சதைவிடக் கையில் வெச்சிருந்த நேரம்தான் அதிகம்!

1941-ல் கியூபாவிலிருந்து பெட்டி பெட்டியா சுருட்டு பரிசா வந்தப்போ, விஷம் இருக்குமோன்னு பிரிட்டிஷ் உளவுத்துறை சோதனைக்கூடத்தில் பரிசோதிச்சது. ஒரு சுருட்டை இதைவிடக் கறாரா யார் மதிப்பிட்டிருக்க முடியும்?

அந்தப் புகைக்குப் பின்னாடி இன்னொரு முகமும் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்துப்போனாங்க. சர்ச்சில் அரசு உணவு அனுப்புறதில் காட்டிய அலட்சியத்தை வரலாற்று ஆசிரியர்கள் பலர் இன்னமும் கேள்வி கேட்கிறாங்க.

‘அவர் 90 வயசு வரை வாழ்ந்தாரே பாஸ்’னு கேட்பீங்க. வாழ்ந்தார்தான். ஆனா 1949-லேயே முதல் பக்கவாதம். 1953-ல் பிரதமரா இருக்கும்போதே பெருசா இன்னொண்ணு. 1965-ல் உயிர் போனதும் பக்கவாதத்தில்தான். புகையை உள்ளே இழுக்கலைன்னாலும் சுருட்டு வாய், தொண்டைப் புற்றுநோயைக் கொண்டுவரும். ஒரு மனுஷன் தப்பிச்சது நமக்கு கேரன்ட்டி இல்ல.

கடைசியா ஒரு போட்டோ. 1941 டிசம்பர் 30, கனடா நாடாளுமன்றம். போட்டோகிராபர் யூசுஃப் கார்ஷ் சட்டுனு போய் சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிட்டார். கோபத்தில் சர்ச்சில் முறைக்க, அந்த நொடியில் கேமரா கிளிக். பிரிட்டனின் 5 பவுண்டு நோட்டில் இருக்கிறது அந்த முகம்தான்.

வாழ்நாள் முழுக்க சுருட்டோடு போஸ் கொடுத்தவரை உலகம் ஞாபகம் வெச்சிருக்கிற படத்தில் சுருட்டே இல்ல. இன்ஸ்டாவுக்காக ஒண்ணு பத்த வைக்கலாம்னு தோணினா, இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க!