எட்வர்ட் பால்ஃபர்

எட்வர்ட் கிரீன் பால்ஃபர் (செப்டம்பர் 6, 1813 - டிசம்பர் 8, 1889) ஸ்காட்லாந்தின் மான்ட்ரோசில் பிறந்த மருத்துவர். 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் இவரே. இந்தியா குறித்த கலைக்களஞ்சியம் ஒன்றை 1857இல் வெளியிட்டார்.

விலங்குக் காட்சிச்சாலை

உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரளாக வருவதைக் கண்ட பால்ஃபர், கர்நாடக நவாப்பிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே காட்சிச்சாலையை அமைத்தார். ஓராண்டில் அங்கு 300க்கும் மேற்பட்ட விலங்குகள் இருந்தன. காலியாகும் அடைப்பிடத்தின் பரப்பு, தட்பவெப்பம், அண்டை விலங்குகள் ஆகியவற்றைக் கருதியே அதற்குரிய இனத்தைத் தேர்வது இன்றைய முறை. பால்ஃபரின் காட்சிச்சாலையிலோ விலங்குகள் முதலில் வந்தன. போதிய இடம் பின்னரே கிடைத்தது. 1863இல் அவை நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, பீப்பிள்ஸ் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. அக்காட்சிச்சாலை 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தது.

பால்ஃபர் 1876இல் ஓய்வுபெற்று, லண்டனில் காலமானார்.