இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கரா

கல்விக் கண் திறந்தவரை நினைவுகூர்வதும் ஓர் அறப்பணியே. அவ்வகையில் கலாநிதி சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் வாழ்க்கையை அடியார்கள் முன் சுருக்கமாக வைக்கின்றேன்.

இவர் 1884 ஒக்டோபர் 13 ஆம் திகதி அம்பலாங்கொடைப் பகுதியில் பிறந்தார். புலமைப்பரிசில் கிடைத்தபடியால் காலி றிச்மண்ட் கல்லூரியில் படித்தார். கணித ஆசிரியராகவும் பின்னர் சட்டத்தரணியாகவும் விளங்கிய இவர், 1931 இல் கல்வி அமைச்சரானார்.

அக்காலத்தில் சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் உயர்கல்விக்கும் நல்ல உத்தியோகத்துக்கும் வழிவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் கட்ட வேண்டும். அவை பெரும்பாலும் பட்டினங்களிலேயே இருந்தன. அதனால் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இடைநடுவில் படிப்பை விட்டு வயலுக்கும் கடலுக்கும் போயினர்.

இந்நிலையை மாற்றக் கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளை நிறுவினார். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தெரிவான ஏழைப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தனர். மட்டக்களப்பில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் அவ்வாறு எழுந்ததே. அந்த வளவிலேயே 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்ற திட்டத்துக்கு வசதி படைத்தோரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அவர் தளரவில்லை. 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. எனினும் 1947 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். 1952 இல் மீண்டும் பாராளுமன்றம் சென்று உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். 1969 செப்டெம்பர் 23 ஆம் திகதி அமரரானார்.

அரசாங்க எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற அடியேனும் அக்கல்வியின் பயனைப் பெற்றவனே. பதினாறு வயது வரை பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். ஆயினும் பஸ் கட்டணம், கொப்பி, சப்பாத்து ஆகியவற்றுக்கு வழியின்றிச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே நிற்கும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். கட்டணத்தை அவர் நீக்கிவிட்டார். எஞ்சிய இச்சிறு செலவுகள் ஊரவரால் தாங்கக்கூடியவை. உங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நின்றால், அவ்வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேளுங்கள். இயன்றதைக் கொடுத்து, உயர்தரம் முடியும்வரை அப்பிள்ளையைப் படிக்க வையுங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.